கஸ்பாரின் வலது கை

கஸ்பாருக்குச் சடலம் கிடைக்காமலே அடக்கப் பூசை வைத்துவிடலாம் என்று ஊர் கூடி முடிவெடுத்து, கோயில் மணியும் அடிக்கத் தொடங்கிவிட்ட காலையில், கடற்கரையோரத்துப் பழைய உப்புக் கிட்டங்கியில் இருந்த கணினித் திரையில், கஸ்பாரின் வலது கை மெதுவாக எழுந்து, நெற்றி இருக்க வேண்டிய இடத்துக்கும் நெஞ்சு இருக்க வேண்டிய இடத்துக்கும் இரண்டு தோள்களுக்கும் போய், சிலுவை அடையாளம் வரைந்துவிட்டுக் கீழே இறங்கியது. திரையில் தலையும் இல்லை, நெஞ்சும் இல்லை. கை மட்டும்தான், அதுவும் தோல் போர்த்திய கை இல்லை, எலும்பும் மூட்டும் தசையுமாக உரித்து வைத்த கை. ஆனாலும் அது கஸ்பாருடையது என்பதில் எங்கள் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் சிலுவை போடும்போது இடது தோளை அவசரமாகத் தொட்டுவிட்டு வலது தோளில் மட்டும் சற்று நேரம் தங்குகிற பழக்கம் அவன் ஒருவனுக்குத்தான் உண்டு.

முதலில் பார்த்தது செலின் அக்கா. காலையில் கிட்டங்கியைப் பெருக்கிக் கொடுத்துவிட்டு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறவள் அவள். கையில் விளக்குமாற்றோடு கோயிலுக்குள் ஓடிவந்து, கறுப்புச் சேலையில் முன்வரிசையில் இருந்த கஸ்பாரின் பெண்டாட்டி தெரேசையும் தாண்டிப் பீடத்தடியில் நின்று கத்தினாள்.

"சாமி, நிறுத்துங்க! அடக்கம் பண்ணப்போற ஆளு அங்க சிலுவ போடுதாரு!"

எங்கள் பங்குச் சாமியார் எதற்கும் பதறாதவர். புயலில் கோயில் கூரை பறந்தபோதுகூட வானம் தெரிவது நல்லதுதானே என்று பிரசங்கம் வைத்தவர். கிட்டங்கிக்கு வந்தார், திரையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "கை அசையுத மனுசனுக்கு அடக்கப் பூசை வைக்க நமக்கு அனுமதி இல்ல. எல்லாரும் போய்க் காப்பி குடிங்க" என்று சொல்லிவிட்டுப் பூசை உடுப்பைக் கழற்றினார். ஊரும் போய்க் காப்பி குடித்தது.

அந்தக் கை திரைக்குள் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சங்கு குளிக்கிறவர்களுக்குத் தோள்மூட்டு சீக்கிரமே தேய்ந்துவிடுகிறது, அதற்கு என்ன வைத்தியம் என்று பார்க்க, ஒரு கல்லூரியிலிருந்து மைதிலி என்ற பெண் கணினிகளோடு எங்கள் கரைக்கு வந்து கிட்டங்கியை வாடகைக்கு எடுத்திருந்தாள். சேலத்துக்காரி, மீன் வாடைக்கு முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்து, அடுத்த வாரம் மூன்று வேளையும் மீன் கேட்டவள். ஊரிலேயே நல்ல தோள் கஸ்பாருடையது என்பதால் அவன் கையில் பொத்தான் பொத்தானாக எதையோ ஒட்டி, அவன் கையை அசைத்த அந்தக் கணத்திலேயே திரையிலும் ஒரு கை அசையும்படி செய்திருந்தாள். வேலை செய்கிற தசை சிவக்கும், ஓய்ந்திருக்கிற தசை நீலமாகும், மூட்டில் பாரம் ஏறினால் அந்த இடம் மஞ்சளாக ஒளிரும். கஸ்பார் அதிகம் பேசாதவன். அன்றைக்கு மட்டும், "பிள்ள, கைய மட்டும் சினிமா எடுத்துட்டு மூஞ்சிய விட்டுட்டியே" என்றான். சாப்பாடு கொண்டுவந்த தெரேஸ், புருஷன் சோறு உண்ணும்போது அவன் முழங்கைக்குள் இத்தனை சாமான்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் எப்போதும் செய்வதுபோல விரலை மடக்கித் தட்டின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினான். போதும், இனி வைக்காதே என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயால் போதும் என்று சொன்னதே கிடையாது, அந்தத் தட்டுத்தான்.

அதற்குப் பிறகு, காற்று அடங்கிய மாதத்தில் ஒருநாள், காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு இடுப்பில் கயிற்றோடு இறங்கியவன் ஏறி வரவில்லை. கயிறு மட்டும் வெறுமனே வந்தது. ஊரில் மூச்சுப் பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் இறங்கித் தேடினார்கள், கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. அவர்களுக்குப் பங்கு பாகம் ஞாபகம் வந்துவிடலாம். மச்சானுக்கு, தன் தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்ற ஒன்றுதான் ஞாபகம் இருக்கும். கயிறு கையிலேயே இருக்க வேண்டும், படகில் எதிலும் கட்டக் கூடாது. கீழே இருக்கிறவன் நீளமாக ஒரு இழுப்பு இழுத்து, உடனே சின்னதாக ஒரு உதறு உதறினால், தூக்கு என்று பொருள். கஸ்பாருக்குக் கயிறு பிடித்தவன் தெரேசின் அண்ணன் பிளவேந்திரன். கஸ்பார் வராமல் போன நாளிலிருந்து பிளவேந்திரனின் வலது கை தோளிலிருந்து செத்துத் தொங்கியது. வைத்தியர்கள் தட்டிப் பார்த்துவிட்டுக் கையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். துக்கத்தில் அப்படி ஆகும் என்று ஊரே அவனுக்காக வருத்தப்பட்டது. திரையில் கை அசைந்த செய்தி கேட்டு ஊரெல்லாம் கிட்டங்கிக்குப் போனபோதும் அவன் ஒருவன் மட்டும் போகவில்லை.

மற்றபடி அந்தக் கையை ஊர் தன் வீட்டுப் பிள்ளைபோல ஏற்றுக்கொண்டுவிட்டது. மெழுகுவர்த்தி வைக்கக் கூடாது, வயர் எரியும் என்று மைதிலி தடுத்ததால் சந்தையிலிருந்து பேட்டரி மெழுகுவர்த்தி வாங்கிவந்து வைத்தார்கள். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் ஐஸ் பேக்டரி தொபியாஸ் தன் ஜெனரேட்டரையே தூக்கிவந்து கிட்டங்கி வாசலில் இறக்கினார். அந்த வாரம் ஐஸ் இல்லாமல் ஊர் மீனெல்லாம் கொஞ்சம் நொந்துதான் போனது, யாரும் முகம் சுளிக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "மாமா, போயிட்டு வாறோம்" என்று திரைக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்கள் வெங்காயம் உரிக்கவும் வலை முடியவும் அங்கேயே வந்து உட்கார்ந்தார்கள், எந்தத் தசை எப்போது சிவக்கும் என்று மனப்பாடமே ஆகிவிட்டது அவர்களுக்கு. மைதிலியும், ஒட்டியவனே இல்லாமல் ஒரு கை எப்படி அசையும் என்று முதல் இரண்டு நாள் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார்த்துவிட்டு, பிறகு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

அவன் எங்கே இருக்கிறான் என்பதில்தான் சண்டை. கையைப் பார்த்து ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். கொத்தனார், அவன் எங்கேயோ சுவர் பூசிக்கொண்டிருக்கிறான் என்றார். புரோட்டாக் கடைக்காரர், மாவு பிசைகிற கை எனக்குத் தெரியாதா என்று சவால் விட்டார். அக்கரையில் பிடித்து ஜெயிலில் வைத்திருக்கிறார்கள், சுவரில் கையை ஊன்றி நிற்கிறான் பாருங்கள் என்றாள் செலின் அக்கா. தெரேஸ் கறுப்புச் சேலையை அவிழ்த்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மத்தியானம் ஆனதும் சோறும் மீன்குழம்பும் எடுத்துவந்து திரைக்கு முன்னால் தட்டை வைத்தாள். கை கீழே போய் மேலே வந்தது, கீழே போய் மேலே வந்தது, கடைசியில் விரல் மடங்கி ஒரு தட்டுத் தட்டியது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து தினமும் சோறு வந்தது, தினமும் அந்த விரல் தட்டும் வந்தது. தட்டிலிருந்து ஒரு பருக்கைகூடக் குறையவில்லை என்பதைப் பார்த்தவர்கள் பார்க்காததுபோல இருந்துகொண்டோம்.

மைதிலிதான் அதைக் கெடுத்தாள். கெடுத்தாள் என்று சொல்லக் கூடாது. அவளுக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. ஒருநாள் தெரேசின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, கை மேல தூக்குறப்போ தோள்ல இருக்கிற சதை சிவக்கணும். அந்தக் கையோட பாரத்த அதுதான் தாங்கணும். இவருக்குச் சிவக்கவே இல்லைங்க. நானும் தினம் பாக்கறேன். நீலமாவே இருக்கு."

"அப்படின்னா என்ன?"

"கைய வேற ஏதோ தாங்குதுங்க அக்கா."

கைக்குப் பாரமே இல்லாத இடம் எது என்று கடற்கரையில் பிறந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தெரேஸ் எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். மறுநாளும் சோறு கொண்டுவந்தாள். கொண்டுவந்தாள் என்பதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அந்த மறுநாளில்தான் இழுப்பு ஆரம்பித்தது. உணவுக்கு இறங்க வேண்டிய கை தலைக்கு மேலே நீண்டது, விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்தன, நீளமாக ஒரு இழுப்பு, உடனே ஒரு சின்ன உதறல். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். அக்குளிலிருந்து முதுகுக்குப் போகிற சதை அதுவரை நாங்கள் பார்க்காத சிவப்பில் சிவந்தது. மறுபடியும் இழுப்பு, மறுபடியும் உதறல். ஊருக்கே தெரிந்த அடையாளம் அது, தூக்கு என்கிறான் கஸ்பார், தூக்க ஆளில்லை.

"அவன் மச்சானக் கூப்பிடுங்க" என்று அறைக்குள் யாரோ சொல்ல, "மச்சானக் கூப்பிடுங்க" என்று வாசலில் நின்றவர்கள் சொல்ல, அது தெருவழியாகப் போய்ப் பிளவேந்திரன் வீட்டுக் கதவில் முட்டியது. கதவு திறக்கவில்லை. இழுப்பு நிற்கவும் இல்லை. பொழுது சாய்ந்து, மறுநாள் விடிந்து, இழுத்துக்கொண்டே இருந்தது கை. தோள்மூட்டு மஞ்சளாக எரிந்தது, உருண்டை எலும்பு தன் குழியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டு வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அவரவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மைதிலி அந்த மூட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இப்படியே போனா மூட்டு கழண்டுருங்க. கழண்டா திரை நின்னுரும். அப்புறம் இது வராது."

சாமியார் தெரேசிடம் வந்தார். "அம்மா, அவன் கேக்கான். தூக்கிவிடச் சொல்லு."

"யாரும் கயித்தத் தொடக் கூடாது" என்றாள் தெரேஸ். "கை ஆடுத வரைக்கும் அவிய இருக்காவ. மேல வந்தாவன்னா என்னவா வருவாவன்னு உங்களுக்குத் தெரியாதா சாமி? எனக்குத் தெரியும்."

அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது எங்களுக்கு. திரையில் துடிக்கிறவன் எங்கள் கஸ்பார். முன்னால் உட்கார்ந்திருக்கிறவளும் எங்கள் தெரேஸ். யாருக்காகப் பேசுவது என்று தெரியாமல் ஊரே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, கூட்டம் விலகியது. கயிற்றுச் சுருளை இடது தோளில் போட்டுக்கொண்டு, வலது கை கிழங்குபோலத் தொங்க, பிளவேந்திரன் வாசலில் நின்றான்.

அவன் திரையைப் பார்க்கவில்லை. தங்கச்சியைப் பார்த்தான்.

"கயித்தக் கட்டிப்போட்டுட்டேன், தெரேசு."

அவள் திரும்பினாள்.

"அன்னைக்குப் பக்கத்துல ஒரு தூண்டியும் போட்டிருந்தேன். பெரிய சீலா ஒண்ணு கவ்விருச்சு. ஒரே கையால இழுக்க முடியல. மச்சானுக்க கயித்தப் படகுல கட்டிட்டு ரெண்டு கையாலயும் மீன இழுத்தேன். இழுத்துட்டுத் திரும்புனா, கயிறு தொங்குது. அவரு இழுத்திருப்பாரு. இப்படித்தான் இழுத்திருப்பாரு. எனக்குத் தெரியல."

சிலர் அவன்மேல் பாயப் போனார்கள். தெரேஸ் கையை நீட்டித் தடுத்தாள்.

"அந்த மீன என்ன செஞ்ச?"

"கடல்லயே விட்டுட்டேன்."

"விட்டுட்டியா" என்றாள் தெரேஸ். அழுவாள் என்று நினைத்தோம். அவள் எழுந்து அண்ணனுடைய செத்த கையை எடுத்துப் பார்த்தாள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி தொங்க விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகும் தூக்கு என்று அவள் சொல்லவில்லை.

ஆனாலும் ஊர் சும்மா இருக்கவில்லை. எங்களுக்குச் சும்மா இருக்க வராது. கயிற்றின் ஒரு முனையைச் சன்னல் வழியாக வெளியே விட்டு, ஆளாளுக்குக் கைமாற்றி, காயப்போட்ட வலைகளுக்கு மேலும் கவிழ்த்த படகுகளுக்கு இடையிலும் கொண்டுபோய், இடுப்பளவு தண்ணீரில் நின்று கடலுக்குள் இறக்கினார்கள். மறுமுனையைப் பிளவேந்திரனின் வலது கை விரல்களுக்குள் வைத்து, அவனைத் திரைக்குப் பக்கத்தில் சன்னலோரம் உட்கார வைத்தார்கள். மைதிலி, யாரும் சொல்லாமலே, மீதமிருந்த பொத்தான்களை எடுத்து அவன் கையில் ஒட்டினாள். திரையில் இரண்டாவது கை ஒன்று வந்தது. தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீலம்.

கஸ்பாரின் கை இழுத்தது. சன்னலில் கிடந்த கயிறு விறைத்தது. கரையில் நின்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டுக் கால் வழுக்கி உட்கார்ந்தார்கள்.

"தெரேசு" என்றான் பிளவேந்திரன். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "உன்னக் கேக்காம இழுக்க மாட்டேன். உனக்காகத்தான் என் கையில கயித்தக் கொடுத்தாவ. நீ தாலியறுக்கக் கூடாதுன்னு கொடுத்தாவ. இப்ப இழுத்தா நாந்தான் அறுக்கேன். நீ வேண்டாம்னா இப்படியே இருக்கேன்."

மறுபடியும் இழுப்பு. திரையில் உருண்டை எலும்பு குழியின் விளிம்புக்கே வந்துவிட்டது. மைதிலி கண்ணை மூடிக்கொண்டாள். எல்லோரும் தெரேசையே பார்த்தார்கள், தெரேஸ் யாரையும் பார்க்கவில்லை. நேரம் மத்தியானம் ஆகியிருந்தது. தூக்குவாளியைத் திறந்து, தட்டை எடுத்து, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, நடுத்துண்டு மீனை ஓரத்தில் வைத்து, எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தாள்.

"சாப்பிடுங்க" என்றாள்.

கை இழுப்பதை நிறுத்தியது. தலைக்கு மேலிருந்து, சிவப்பும் மஞ்சளுமாக நடுங்கிக்கொண்டே, தட்டு இருந்த உயரத்துக்கு இறங்கி வந்தது. சோற்றுக்குள் போகவில்லை. ஒரு விரலை மடக்கி, விளிம்பு இருக்கிற இடத்தில், ஒரே ஒரு தட்டுத் தட்டியது.

தெரேஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, சுற்றி இருந்த ஆட்களை மறந்து, பெரிய அழுகையாக அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சொன்னாள்.

"போதுமாம்ண்ணே. இழு."

முதலில் சிவந்தது திரையில் இருந்த கைதான். பிளவேந்திரனின் சதைக்கை இன்னும் தொங்கிக்கொண்டிருக்க, திரைக்கை விரலை இறுக்கி, முழங்கையை மடக்கி, நீலம் சிவப்பாகி இழுக்கத் தொடங்கியது. அதைப் பார்த்துப் பார்த்து, வழி கேட்டுக்கொண்டு வருகிறவன்போல, சதைக்கையும் மெதுவாக அதன் பின்னால் போனது. கயிறு சன்னல் சட்டத்தில் உரசிக்கொண்டு உள்ளே வந்தது. கனத்தது. பிளவேந்திரன் பல்லைக் கடித்தான், உள்ளங்கை பிய்ந்தது, விடவில்லை. கரையில் நின்றவர்கள் யாரும் கயிற்றைத் தொடவில்லை. மச்சான் இழுக்கும்போது மற்றவன் தொடக் கூடாது என்று அந்த நேரத்திலும் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது.

இழுக்க இழுக்கக் கஸ்பாரின் கை மாறிக்கொண்டு வந்தது. உருண்டை எலும்பு தன் குழிக்குள் போய் உட்கார்ந்தது. மஞ்சள் அணைந்தது. அக்குள் சதை ஓய்ந்தது, புஜம் ஓய்ந்தது, முன்கையில் இருந்த சிவப்பு ஒவ்வொரு இழையாக நீலமானது. கடைசியாக விரல்கள், அத்தனை நாள் எதைப் பிடித்திருந்தனவோ அதை விட்டு, ஒவ்வொன்றாகத் திறந்தன. உள்ளங்கை மேலே பார்த்தபடி கை படுத்தது.

தண்ணீருக்கு மேலே அவன் வந்ததைப் பார்த்து, கரையிலிருந்து ஒரே சத்தமாக ஊர் கத்தியது. பிறகு அந்தச் சத்தமும் அடங்கியது, யாரோ கோயிலுக்கு ஓடுகிற காலடி மட்டும் கேட்டது.

தெரேஸ் சன்னலுக்குப் போய்ப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே மைதிலியைக் கேட்டாள்.

"இப்ப வலிக்காதுல்ல?"

மைதிலி திரைக்குக் கிட்டே போய், தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். தெரியாமல் சொல்லிவிடக் கூடாது என்று இன்னொரு முறையும் பார்த்தாள்.

"இல்லைங்க அக்கா. எங்கயும் பாரமில்ல."

தெரேஸ் தட்டை மூடி வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனவள், அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். அவன் தலையைத் தூக்கவில்லை. கயிறு விறைப்பாக அவன் கையிலிருந்து சன்னல் வழியாகக் கடல்வரைக்கும் போய்க்கொண்டிருந்தது, விரல்களுக்கு இடையில் ரத்தம் வந்திருந்தது.

"எதுலயும் கட்டிராத" என்றாள் தெரேஸ். "நான் போய் அவியள வாங்குத வரைக்கும் கையிலயே பிடி."

அவள் கரைக்கு இறங்கிப் போனாள். பிளவேந்திரன் பிடித்துக்கொண்டிருந்தான்.